பழம் இங்கே, பாட்டில் கொழும்பில்

டொரொண்டோவின் ஸ்கார்பரோ, லண்டனின் ஈஸ்ட் ஹாம், பாரிஸின் லா ஷப்பேல் என இலங்கைத் தமிழர் மளிகைக் கடை வைத்திருக்கும் இடங்களில் கரும்பழுப்பு நிற ஜாம் பாட்டில் ஒன்று அடுக்கில் நிற்பது வழக்கம். விளாம்பழ ஜாம். பெரும்பாலும் அது லங்கா கேனரீஸ் நிறுவனத்தின் 'எம்.டி.' சரக்காக இருக்கும். அரசின் சந்தைப்படுத்தல் திணைக்களம் நடத்திய தொழிலில் தொடங்கி, பிறகு தனியார் கைக்குப் போன பெயர் அது. விளாமரம் இலங்கைக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்நாட்டுத் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலத்து வரப்புகளில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே நிற்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குச் சந்தையில் குவிகிறது, அப்புறம் நாட்டுச் சர்க்கரை பிசைந்து தின்பதோடு அதன் வியாபாரம் முடிந்துவிடுகிறது. கொழும்புக்கு எதிர்க்கரையில் துறைமுகம் வைத்திருக்கும் தூத்துக்குடியிலிருந்து இப்படி ஒரு பாட்டில் ஏன் போகவில்லை? பழத்தின் தரமும் விலையும் இதில் பிற்பாடு வரும் சங்கதிகள். அந்நியச் சந்தையில் எது ஜாமாக விலைபோகும் என்பதையே நாம் தப்பாகக் கணக்குப் போடுகிறோம் என்பதுதான் காரணம்.

நம்மிடம் பழக் கூழ் ஏற்றுமதி இல்லாமல் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெங்களூரா மாம்பழம் கூழாகிறது. 215 கிலோ பிடிக்கும் பீப்பாய்க்குள், கிருமி நீக்கிய பையில் அடைபட்டு அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அங்கே பழச்சாறாகவும் ஜாமாகவும் மாறி வேறொருவர் பெயரில் கடையேறுகிறது. டன் கணக்கில் விற்கும் பொருளுக்கு முகம் கிடையாது. ஆந்திராவின் சித்தூர் இரண்டு ரூபாய் குறைத்தால் வாங்குபவர் அங்கே போய்விடுவார். இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது, நம்மூர்க் கலப்புப் பழ ஜாமையே பாட்டிலில் அனுப்பலாம் என்பது. இது கூழை விற்பதைவிட மோசமான யோசனை. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் ஸ்ட்ராபெரிக்கும் ஆப்ரிகாட்டுக்கும் பஞ்சமில்லை. பிரான்சின் 'பான் மாமான்' ஒரு பக்கம், சூப்பர்மார்க்கெட்டுகள் தங்கள் சொந்தப் பெயரில் அடிமாட்டு விலைக்கு விற்கும் பாட்டில் மறுபக்கம். நடுவில் சிக்கும் இந்தியச் சரக்கு கண்ணாடியின் எடைக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுத்துவிட்டு வந்திருக்கும். போதாக்குறைக்கு நிறம் வேறு. இந்தியாவில் அனுமதியுள்ள கார்மோசின் என்ற சிவப்புச் சாயத்துக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. நம் குழந்தைகளுக்குக் கவர்ச்சியாகத் தெரியும் சிவப்பு, அங்கே சுங்கத்தில் சரக்கை முடக்கிப் போடும்.

சட்டம்தான் பெரிய முட்டுக்கட்டை என்று ஏற்றுமதிக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஜாமைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மைதான். இந்தியாவில் ஜாம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் நூற்றுக்கு 45 பங்கு பழம் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் 25 போதும். கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு விதியோ சாதாரண ஜாமுக்குக் கிலோவுக்கு 350 கிராம் பழத்தோடு திருப்தி அடைந்தது. 2024இல் திருத்தி, 2026 ஜூன் 14 முதல் 450 கிராம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். அதாவது, பழத்தின் அளவில் ஐரோப்பா இப்போதுதான் நம் அளவுகோலுக்கு வந்து சேர்கிறது! கனடாவும் 45 சதவீதம் பழம் கேட்கிறது. திடப்பொருள் மட்டும் 66. நம் சட்டப்படி ஒழுங்காகக் காய்ச்சியவருக்கு இவை புதிய மலைகள் இல்லை. தொல்லை லேபிளில்தான். கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும். ஐரோப்பாவுக்கு நூறு கிராமுக்கு எத்தனை கிராம் பழம் என்று அச்சிட வேண்டும். இங்கே இறங்கும் வெளிநாட்டு ஜாமுக்கும் இதே பாடுதான். பச்சைப் புள்ளி, எம்.ஆர்.பி., இறக்குமதியாளர் முகவரி, உரிம எண் எல்லாவற்றையும் ஒரு ஸ்டிக்கரில் அடித்து ஒட்டியிருப்பதைச் சென்னைக் கடைகளில் பார்க்கலாம். அலுப்பான வேலை என்றாலும் செய்து முடிக்கக்கூடிய வேலை.

விளாம்பழத்தின் கதை வேறு. ஓட்டை உடைத்துச் சதையை வழித்து, தண்ணீர் விட்டுச் சூடாக்கி, விதையும் நாரும் போக வடிகட்டினால் கிடைக்கும் கூழில் புளிப்பும் பெக்டினும் இயல்பிலேயே நிறைய உண்டு. ஜாம் கெட்டிப்பட வேண்டிய மூன்றில் சர்க்கரையை மட்டும் நாம் சேர்த்தால் போதும். பாகு இறங்கும் நேரத்தில் கரண்டியிலிருந்து சொட்டாமல் தகடாக விழும். நிறமும் தானாகவே கரும்பழுப்பு. சாயப் பிரச்சினை இல்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைப்பழத்தை இதே வேலைக்கு எடுத்தால் எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ போட வேண்டும், பெக்டினையும் வெளியே வாங்க வேண்டும். தாமிரபரணி வாழைமேல் உள்ள பாசத்தில் வாழைப்பழ ஜாம் திட்டம் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விளாம்பழத்தின் ருசி தெரிந்தவருக்கு அந்த அடுக்கில் அதற்கு மாற்று இல்லை. ஸ்ட்ராபெரி விலை குறைந்தது என்று அவர் அதை எடுத்துக்கொண்டு போகமாட்டார்.

இலங்கைக்கு வரிச் சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஐரோப்பா 2010இல் நிறுத்திய ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை 2017இல் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் வரி ஆளைக் கொல்வது ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கக்கூடிய சரக்கில்தான். வேறெங்கும் கிடைக்காத பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க ஆள் உண்டு. ஏற்கெனவே கொழும்புச் சரக்கு நிற்கும் கடையில் இரண்டாவது விளாம்பழ ஜாமுக்கு இந்த வாதம் முழுதாகப் பொருந்தாது என்பதும் சரியே. அங்கே கொழும்போடு ருசியிலும் விலையிலும் மோதித்தான் ஆக வேண்டும். புலம்பெயர்ந்தோர் சந்தை சின்னது, அடுத்த தலைமுறை விளாம்பழத்தை அறியாது என்பது இன்னொரு ஆட்சேபம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் 1950களில் பிரிட்டனுக்கு வந்த பதக் குடும்பம் முதலில் ஊறுகாய் விற்றது அங்கிருந்த இந்தியர்களுக்குத்தான். அந்த வாடிக்கை நிலைபெற்ற பிறகே அவர்களின் 'படாக்ஸ்' ஆங்கிலேயரின் சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தது, 2007இல் பெரிய நிறுவனம் ஒன்று அதை விலைக்கு வாங்கியது. தெரிந்த வாய்க்கு விற்காமல் தெரியாத வாய்க்கு நேரே போன உணவுப் பொருள் குறைவு. எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் மூன்றாவது: ஜாமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இனிப்பு, உலகம் சர்க்கரையைக் கண்டு ஒதுங்குகிறது. சர்க்கரையைக் குறைத்தால் ஜாம் என்ற பெயருக்கும் ஆபத்து, கெடாமல் நிற்கும் காலத்துக்கும் ஆபத்து. உடன்குடிக் கருப்பட்டி போடலாம் என்றால், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல சரக்குதான், ஆனால் அதுவும் சர்க்கரையே. உடம்புக்கு நல்லது என்று அதை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். இதற்கு முழு விடை இல்லை. பெருஞ்சந்தை சுருங்கலாம், அங்கே நமக்கு இடமும் இல்லை. சின்னச் சந்தையில் ஆசைக்கு வாங்கும் பாட்டில் அவ்வளவு சீக்கிரம் சுருங்காது.

முதல் சரக்குக்கு ஒரு கன்டெய்னர் நிறைய ஜாம் தேவையில்லை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைப் பார்த்தாலே கணக்கு புரியும். வெளிநாட்டு மளிகை மொத்த வியாபாரி அரிசி, அப்பளம், மசாலா, கருப்பட்டி எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னரில் கலந்து ஏற்றச் சொல்கிறார். அதன் மூலையில் சில நூறு அட்டைப் பெட்டிகள் ஏறினால் கூலி பெரிதாகாது. முன்பு இந்தக் கன்டெய்னர்களில் பலவும் கொழும்பில் கப்பல் மாறித்தான் உலகம் போயின. 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் புது கன்டெய்னர் முனையமும் திறந்தாயிற்று. ஆகவே கப்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை மரத்தடியில் இருக்கிறது. நம்மிடம் விளாந்தோப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை. வரப்பில் ஒன்று, கோயில் நந்தவனத்தில் ஒன்று, புறம்போக்கில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும் மரங்களில் ஒன்று இனிக்கும், அடுத்தது வாயைக் கூசவைக்கும். இறக்குமதியாளர் முதல் சரக்கை ஆர்வத்தில் வாங்குவார். இரண்டாவது சரக்கும் அதே புளிப்பில் வருமா என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல, எந்த மரத்துப் பழம் எப்படி என்று எழுதி வைத்துக் கொள்முதல் செய்யும் உழவர் நிறுவனம் ஒன்று இங்கே இருக்க வேண்டும்.