காரிய வீட்டில் கையெழுத்து வேண்டாம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைவதற்குள், "பட்டா மாத்தத்தாம்மா, ஒரு கையெழுத்துப் போடு" என்று மகள்களிடம் பத்திரத்தை நீட்டுவது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் நடக்கிறது. பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரம். பங்குக்கான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு பாத்தியதையை விட்டுவிட்டதாக அதன் நடுவில் ஒரு வரி இருக்கும். ஒரு ரூபாயும் கைமாறியிருக்காது. துக்கத்தில் இருப்பவர் அந்த வரியைப் படிப்பதில்லை. அதனால் துக்க நாட்களில் எந்தச் சொத்துப் பத்திரத்திலும் கையெழுத்திடக் கூடாது. சில மாதங்கள் தள்ளிப்போடுவதால் யாருடைய பங்கும் குறைந்துவிடாது.

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் எல்லோருக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால் அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. இறந்த கணத்திலேயே உரிமை வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. பட்டா அதைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. வங்கி நாமினியும் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான். உண்மையில் அவசரமானது, 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்வது. பிறகு வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"கல்யாணத்துக்கே நகையும் சீரும் செய்தாயிற்றே" என்பார்கள். சீர் கொடுத்ததால் வாரிசுரிமை போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தானே" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கண்விழித்த இரவுகளுக்கும் மதிப்பு உண்டு. அந்தக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வைத்து, ஒப்புக்கொண்டதைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யலாம். மறைத்து எழுதி வாங்குவது அதற்கு வழியல்ல. பங்கு கேட்டால் உறவு முறிந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. ஏமாற்றப்பட்டோம் என்று பின்னால் தெரியவரும்போதுதான் உறவு அதிகம் முறிகிறது. படித்துப் பார்க்க அவகாசம் கேட்பதில் பகை எதுவும் இல்லை.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கும் வழி உண்டு. நிலம், வீடு சம்பந்தப்பட்ட விடுதலைப் பத்திரம் பதிவாகாவிட்டால் அதனால் உரிமை மாறாது. பதிவாகியிருக்கிறதா என்பது வில்லங்கச் சான்றில் தெரியும். ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியிருந்தால், அந்த உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். கையெழுத்தே இடாதவர்கள் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். ஆனால் வழக்கே வராமல் தடுப்பது சகோதரர்கள் கையில் இருக்கிறது: பத்திர நகலை முன்கூட்டியே தங்கையிடம் கொடுங்கள், அவர் விரும்பும் வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள். தெரிந்து விட்டுக்கொடுத்த பங்குதான் பின்னாளில் சண்டையாகத் திரும்பி வராது.