பங்கு வைத்த தண்ணீர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நிஜ்வாவுக்கு அழைத்துப் போனான். வீட்டார் கோட்டையைச் சுற்றிப் பார்க்க, நான் 'ஃபலஜ் தாரிஸ்' என்னும் வாய்க்காலருகே நின்றுவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் சர்வீஸ் போட்டவனுக்குக் கோட்டையைவிட அதுதான் பிடித்தது.

ஓமானில் வற்றாத நதி கிடையாது. ஆண்டு மழை சராசரியாக சுமார் 100 மில்லிமீட்டர்; நம் நாக்பூரில் அதைப்போல் பத்து மடங்கு பெய்கிறது. மலையடியில் ஒரு தாய்க் கிணறு வெட்டி, அங்கிருந்து பூமிக்குள் சுரங்கம் தோண்டி, வாட்டம் கொடுத்தே ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பம்பு கிடையாது. குறுக்கே காட்டாறு வந்தால் அடியில் இறக்கி மறுகரையில் ஏற்றிவிடுகிறார்கள். நம் தண்டவாளத்துக்குக் கீழே போகும் சைபனேதான்! இப்படிச் சுமார் 3000 வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. தாரிஸ் உள்பட ஐந்தை யுனெஸ்கோ 2006-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

'ஃபலஜ்' என்ற சொல்லின் வேரே பங்கிடுவதைக் குறிப்பதாம். தண்ணீர் வெளியே தலைகாட்டும் இடத்தில் குடிக்க யாரும் எடுக்கலாம், காசில்லை. பிறகு பள்ளிவாசல், குளிக்குமிடம், கடைசியில்தான் தோட்டங்கள். அங்கேதான் பங்கு. நிர்வாகிக்கு 'வகீல்' என்று பெயர், முறை பார்ப்பவர் 'அரீஃப்'. ஃபலஜுக்கே சில பங்குகள் உண்டு. அவற்றை ஏலம் விட்டு வரும் பணத்தில் தூர் வாருகிறார்கள்.

பங்கு லிட்டர் கணக்கில் இல்லை, நேரக் கணக்கில். ஓர் 'அதர்' என்றால் அரை மணி. முன்பு பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றினார்கள். இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம். "தண்ணீர் குறைந்தால் யாருக்குக் குறைப்பீர்கள்?" என்று அங்கிருந்த பெரியவர் ஒருவரை மகனின் ஓமானி நண்பர் மூலம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நேரம் குறையாதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 1985 வாக்கில் ஒரு ரயில்வே காலனிக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. டாங்குக்குப் பக்கத்தில் அதிகாரிகள் பங்களா, கடைக்கோடியில் கேங்மேன் குவார்ட்டர்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரே பைப் லைன். கோடையில் பங்களாத் தோட்டம் நனையும். கடைசி வரிசைக் குழாயில் காற்றுதான் வரும். குடத்தோடு வந்த பெண்களிடம் "டாங்கில் தண்ணீர் இல்லையம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது பாதி உண்மை. வரிசைக்கு ஒரு வால்வு வைத்து முறை போட்டிருந்தால் உள்ளது எல்லோருக்கும் போயிருக்கும். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அங்கும் குறையில்லாமல் இல்லை. பம்புசெட் வந்து நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதில் பல ஃபலஜ்கள் வறண்டன. 1988-ல் தண்ணீர் நாட்டின் சொத்து என்று அரசாணை போட்டார்கள். தாய்க் கிணற்றுப் பக்கத்தில் நினைத்தபடி போர் போட முடியாது. நகரங்களில் குடிநீர் இப்போது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருகிறது. மகன் வீட்டுக் குழாயில் வருவதும் அதுதான். நிஜ்வாப் பேரீச்சை மரங்களுக்கு மட்டும் அரை மணி முறை தப்பாமல் நடக்கிறது.