அம்பாசடருக்கு ஒரு பானெட்

மைசூரில் பயணிகளைச் சாமுண்டி மலைக்கு ஏற்றிச் சென்ற அம்பாசடரின் தயாரிப்பை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் நிறுத்திக்கொண்டது. இன்றும் ஒன்றை வைத்திருப்பவர், மோதலில் மடங்கிய பானெட்டுக்கு மாற்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு: காயலான் கடையின் பழைய அசல், அல்லது வேறு பட்டறையில் அடித்த புதியது. புதியது பளபளக்கும், சபலம் அங்கேதான்.

ஓரத்து இடைவெளி கோணலாக இருந்தால் பார்க்கத்தான் அசிங்கம். கொக்கி சரியாக விழாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2023-ல் திறக்கப்பட்ட பெங்களூர் விரைவுச் சாலையில் வேகமெடுத்ததும் எதிர்க்காற்று பானெட்டைத் தூக்கி முன்கண்ணாடியில் அறையும். ஓட்டுபவருக்குச் சாலையே தெரியாது.

அதனால் பெயின்ட் அடிக்கும் முன்பே வண்டியில் பொருத்தி, பத்துத் தடவை மூடித் திறந்து பார்த்துவிட வேண்டும். வர்ணம் ஏறிய பானெட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.