மூன்று நிமிஷப் படம் போதும்!

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "ஆணா, பெண்ணா? என்ன எடை? பால் குடிக்குதா?" அப்புறம் பேறுகால மருந்து கொடுத்தாச்சா, குளிப்பாட்ட ஆள் வருகிறதா என்று விசாரிப்போம். பெற்றவளின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு மனசு எப்படியம்மா இருக்கு?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

கேட்கத்தான் வேண்டும், சகோதரிகளே. நம் நாட்டில் பல இடங்களில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களில் 100க்கு 22 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக அது சொல்கிறது. ஐந்தில் ஒருத்தி! நம் தெருவிலும் இருப்பாள், நம் வீட்டிலும் இருக்கலாம்.

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிவிடும். இரத்தச் சோகை என்றால் பரிசோதனைச் சீட்டு சொல்லிவிடும். மனசின் நோயை வீட்டிலுள்ளவர்களுக்கு எப்படிக் காட்டுவது? அதற்குக் கைகொடுப்பது செல்போனில் ஓடுகிற குட்டிப் படம்தான் என்பதை எங்கள் ஊரிலேயே கண்டேன்.

11 நிமிஷம் மூன்றாகப் பிரிந்த கதை

என் அக்கா மகள் மனநல மருத்துவம் படிக்கிறாள். பேறுகால மனச்சோர்வு பற்றி ஒரு படம் எடுத்து, "சித்தி, திற்பரப்பில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்" என்று அனுப்பினாள். நோயாளியாக நடித்தவள் அவளுடைய தோழி.

திற்பரப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவிதான் ஞாபகம் வரும். எங்களுக்கு ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பால்வெட்டுக்குப் போய், வெயில் ஏறியதும் வீடு திரும்புகிற பெண்கள் அக்கம்பக்கத்தில் நிறைய. அவர்களில் சிலரை ஒரு பகலில் எங்கள் திண்ணையில் உட்கார வைத்தேன்.

படம் 11 நிமிஷம். அழகான படம்தான், வீணை இசை, வெள்ளைக் கோட்டு, திரை நிறைய எழுத்து. இரண்டு நிமிஷத்தில் ஒருத்தி அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டாள். "பின்னே பாக்கேன், எனக்கு அனுப்பு பிள்ளே" என்றாள் இன்னொருத்தி. "மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு" என்று குரல் வந்ததும் ஒரு பாட்டி என் பக்கம் திரும்பி, "அதென்னதாக்கும் மக்களே?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் அப்படியே எழுதி அனுப்பினேன். அவள் கோபிக்கவில்லை. செல்போனிலேயே படத்தை மூன்று துண்டாக்கினாள். நோய் எப்படி இருக்கும் என்று ஒன்று; வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று; எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். இசையை எடுத்தாள். நீண்ட எழுத்தை எடுத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் என்னையே பேச வைத்துக் குரலைச் சேர்த்தாள். தொட்டிலருகே சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்காக அடியில் பெரிய எழுத்தில் சின்னச் சின்ன வரிகள் போட்டாள். கடைசியில், "இவளுக்கு என்ன செய்யணும்?" என்ற கேள்வியோடு படம் நின்றது.

இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை. குழந்தை அழ, தாய் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிற இடம் வந்ததும் அந்தப் பாட்டி செல்போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார். "எனக்க மருமவளும் இப்படித்தான் கெடக்கா. கொழுப்புன்னு நெனச்சேன். அப்போ இது சுகக்கேடாக்கும், இல்லியா?" என்றார். அடுத்த வாரமே மருமகளைத் தாமே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சின்னப் படத்துக்கு ஏன் இத்தனை பலம்?

அமெரிக்காவில் இணையவழிப் பாடங்களை மாணவர்கள் 69 லட்சம் தடவை பார்த்த விவரங்களை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. படம் எத்தனை நீளமானாலும், பெரும்பாலோர் 6 நிமிஷத்துக்கு மேல் ஒன்றிப் பார்ப்பதில்லையாம். கல்லூரி மாணவர்களே அப்படியென்றால், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளைக் கேட்பானேன்!

ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞர் பல ஆண்டுகள் சோதித்துச் சொன்னவையும் நமக்குப் பொருந்தும். படத்தோடு எழுத்தைக் குவிப்பதைவிடக் குரல் நல்லது. தேவையில்லாத இசையும் அலங்காரமும் கவனத்தைத் தின்றுவிடும். மேடைப் பேச்சைவிட, எதிரே உட்கார்ந்து பேசுவது போன்ற பேச்சு மனதில் தங்கும். பாட்டிக்கு எங்கள் ஊர்ப் பேச்சு புரிந்ததன் ரகசியம் இதுதான்.

டாக்டருக்கும் செவிலியருக்கும் இதுவே பாடம்

மனநல மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்கென்றே 2018-இல் டிஜிட்டல் அகாடமி தொடங்கி, தூரத்து ஊர்களில் இருக்கும் டாக்டர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் பாடம் நடத்துகிறது. மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில், சங்காத் என்ற அமைப்பு ஆஷா பணியாளர்களுக்குச் செல்போன் வழியே மனச்சோர்வைப் பற்றிக் கற்பித்தது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று நடித்துக் காட்டும் படங்களும் அந்தப் பாடத்தில் இருந்தன.

நம் தமிழ்நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன். அவர் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம், 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தையே அனுப்பியது. உள்ளே உட்கார்ந்து திரை வழியே சென்னை டாக்டரிடம் பேசலாம், மருந்தும் அங்கேயே. கூடவே மனநோய் பற்றிய படங்களையும் ஊராருக்குப் போட்டுக் காட்டினார்கள்.

படம் சொல்ல வேண்டியவை

நாங்கள் காட்டிய படங்களின் சாரம் இது. மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

* பிரசவமான இரண்டு மூன்று நாளில் அழுகையும் எரிச்சலும் வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும்.
* இரண்டு வாரத்துக்கு மேலும் சோகம், குழந்தை தூங்கும்போதும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, "நான் நல்ல தாயில்லை" என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும்கூட இப்படிச் சோர்வைத் தரும். அதையும் அவர் பார்ப்பார்.
* இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத பயமும் சந்தேகமும், சம்பந்தமில்லாத பேச்சு, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் — இவை வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. தாயைத் தனியே விடக்கூடாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்தக் கடுமையான நோயும் சிகிச்சையால் குணமாகும்.
* பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.
* இரவில் நாலைந்து மணி நேரம் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்க விடுங்கள். கணவருக்கும் இதில் பங்கு உண்டு.

எல்லாப் படமும் பாடமல்ல

செல்போனில் வருவதெல்லாம் வேதவாக்கு அல்ல. "மூன்றே நாளில் மனநோய் குணம்" என்று வருகிற படத்தை நம்பாதீர்கள். பேசுகிறவர் யார், எந்த மருத்துவமனை என்று பாருங்கள்.

இன்னொன்று, தெருவில் புலம்புகிறவரைப் படமெடுத்துச் சிரிப்புக்காக அனுப்புகிறார்களே, அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றிப் பத்திரிகை, டெலிவிஷன், இணையம் எதற்கும் தரக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அக்கா மகள் தோழியை நடிக்க வைத்ததும் இதனால்தான்.

படம் கதவைத் திறக்கும். உள்ளே போய்ப் பேச ஒரு மனுஷி வேண்டும். காட்டிவிட்டு எழுந்து போய்விடாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். யாரிடம் போவதென்று தெரியவில்லையானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்புறம் இந்த எண்ணை இன்றே எழுதி வையுங்கள். தேடாமல் கைக்குக் கிடைக்கும்.