பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசையா? பாதிப் பணத்தைக் கையில் வையுங்கள்!

பாயா ரும்புட், செங் பக்கத் தாமான்களில் அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டு முன்புறத்தில் பாதிச் சாயம் சுரண்டிய பழைய புரோட்டோன் சத்ரியா, சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கும். ‘மூன்றே மாதம், ஓட விட்டுக் காட்டுகிறேன்’ என்று வாங்கியவர், தினமும் அதைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவார். கார் விலை அவருக்குக் கட்டுப்படியானது. பழுது பார்க்கத்தான் காசு மிஞ்சவில்லை.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று பெரியவர்கள் சொன்னது பழைய காருக்கு அப்படியே பொருந்தும். கையில் 8,000 ரிங்கிட் இருந்தால், காரின் விலை 4,000 ரிங்கிட்டைத் தாண்ட வேண்டாம். மீதிப் பாதி பழுது பார்ப்பதற்கு. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வெற்றி.

ஏன் சத்ரியா?

1994இல் அறிமுகமான சத்ரியா, மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் உருவான புரோட்டோன் வீராவின் உறவுக்கார். அதனால் பல உதிரிபாகங்கள் இரண்டுக்கும் பொருந்தும். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை 1996இல் புரோட்டோன் வாங்கியது. அதன் பலன்தான், 1990களின் இறுதியில் லோட்டஸ் பொறியாளர்களின் கைவண்ணத்தில் வந்த சத்ரியா ஜிடிஐ. 1,834 சிசி எஞ்சின், ஏறக்குறைய 140 குதிரைத்திறன். இன்று அது சேகரிப்பாளர்கள் தேடும் கார். மாணவர் கைக்கு எட்டும் விலையில் நல்லது கிடைப்பது அரிது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐயின் பம்பரும் இருக்கையும் சின்னமும் பொருத்தி விற்பவர்கள் உண்டு. ‘மலிவான ஜிடிஐ’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். பணம் குறைவென்றால், நேர்மையான 1.6 சத்ரியாவே நல்ல தொடக்கம். சாலை வரியைப் பாருங்கள்: தீபகற்ப மலேசியாவில் 1.6 காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். ஜிடிஐக்கு 297 ரிங்கிட்.

வாங்கும் முன்

முதலில் ‘கிராண்ட்’டைக் கேளுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் ஜே.பி.ஜே. பதிவு அவசியம். எண் ஒத்துப்போகாத கார் பெயர் மாற்றச் சோதனையில் தேறாது; திருட்டுக் காராகவும் இருக்கலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகும் முன்பே பானெட் சுட்டால், விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் மயோனிஸ் போல வெள்ளைப் பசை நிறைய இருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். இருக்கை வாரைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய கார். கம்பளத்தைத் தூக்கித் துருவைத் தேடுங்கள். எஞ்சினை மாற்றிவிடலாம், தரையும் தூண்களும் துருப்பிடித்த உடலைக் காப்பாற்றுவது கடினம். தெரிந்த ஃபோமென் ஒருவரை உடன் அழைத்துப் போய், அவருக்குக் கூலி கொடுப்பது நல்ல முதலீடு.

எதை முதலில் செய்வது?

ஸ்போர்ட் ரிம், புதிய சாயம், பெரிய சைலன்சர் என்றுதான் மனம் ஓடும். வரிசை அப்படியல்ல. நிற்க வைப்பவை முதலில், ஓட வைப்பவை அடுத்து, மினுக்குபவை கடைசியில்.

முதலில் பிரேக். ரப்பர் குழாய்கள் 20 ஆண்டுகளில் வெடித்துப் போயிருக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டையும் மாற்றுங்கள். அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கட்டை இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் பிடிக்காது. அதன் பிறகு சஸ்பென்ஷன், ரேடியேட்டர், டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது பெல்ட் மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், உடனே மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும். சில நூறு ரிங்கிட் வேலை சில ஆயிரமாகும்.

ஓர் எச்சரிக்கை. செங்கல் மேலோ, ஜாக்கியை மட்டும் நம்பியோ காரின் அடியில் படுக்காதீர்கள். செங்கல் சட்டென நொறுங்கும், ஜாக்கி சறுக்கும். இரண்டு நல்ல ஜாக்கி ஸ்டாண்டு வாங்குவதே உங்கள் முதல் செலவாக இருக்கட்டும்.

காப்புறுதியையும் கணக்கில் சேருங்கள். 21 வயது நிறையாதவரோ ‘பி’ உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டி விபத்து நேர்ந்தால், முழுக் காப்புறுதி இருந்தாலும் சொந்தக் காரின் சேதத்தில் முதல் 400 ரிங்கிட் உங்கள் பொறுப்பு. காரில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைத்தால், இழப்பீடே மறுக்கப்படலாம்.

கையில் கிடைக்கும் படிப்பு

இவ்வளவு சிரமம் எதற்கு என்று அப்பா கேட்பார். ஒரு பிரேக் காலிப்பரைக் கழற்றிப் பூட்டியவருக்குத் திரவ அழுத்தம் வெறும் சூத்திரமாக இருக்காது. வயரிங் கோளாறைத் தேடிப் பிடித்தவருக்கு மின்சுற்றுப் பாடம் மறக்காது. அந்த ஆர்வம் நிலைத்தால், டுரியான் துங்கல் யுடெம் பல்கலைக்கழகமும் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கும் இயந்திரப் பொறியியலோடு நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. 2003 முதல் அலோர் காஜா, பெகோவில் ஹோண்டா கார் தொழிற்சாலை இயங்குகிறது.

எனவே முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். செய்த வேலை, வாங்கிய பாகம், கொடுத்த காசு எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். பாதிப் பணம் எங்கே போகிறது என்று அது காட்டும். நாளை விற்கும்போது வாங்குபவருக்கு நம்பிக்கை தரும். வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போதும் அதை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கை என்ன கற்றது என்பதற்கு அதுவே சாட்சி.