அந்த ஒருத்தர் யாரு?

2023 ஜூலை 8, சனிக்கிழமை. ஹாரோவில் மச்சான் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி முடிச்சு, பிரியாணி தட்டோட பெரியவங்க எல்லாம் ஹாலில் உட்கார்ந்ததும் ஒரே பேச்சுதான். "யாருப்பா அது?"

முந்தின நாள் ராத்திரி 'சன்' பத்திரிகை (நம்ம சன் டிவி இல்லீங்க, இங்கிலாந்துப் பத்திரிகை) ஒரு செய்தி போட்டிருந்தது. பிபிசியின் பிரபலமான ஆண் தொகுப்பாளர் ஒருத்தர், ஆபாசப் படங்களுக்காக ஓர் இளவயதுக்காரருக்கு 35,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தார், அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயசு இருக்கும்போதே இது ஆரம்பிச்சது என்று குற்றச்சாட்டு. சொன்னது பிள்ளையோட அம்மா. தொகுப்பாளர் பெயர் மட்டும் இல்லை.

ஆளுக்கு ஒரு பெயர் சொன்னோம். "அவரு மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பிடிக்காது" என்று அத்தை ஒருத்தரைச் சொன்னாங்க. சித்தப்பா இன்னொருத்தரை. ஊரில் வாரப் பத்திரிகைக் கிசுகிசுவில் "மூணெழுத்து நடிகை"யைக் கண்டுபிடிச்சு வளர்ந்தவங்க நாம. இந்த விளையாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். சாஃப்ட்வேர்காரன் இல்லையா, போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். இரண்டு வார்த்தை தட்டினதுமே தேடுபொறி ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தது. "பாத்தீங்களா!" என்று குடும்ப வாட்ஸாப் குரூப்பில் அந்தப் பெயரைப் போட்டு, பக்கத்தில் கண்ணடிக்கிற பொம்மையும் போட்டேன். கோயம்புத்தூர், டொரண்டோ, சிங்கப்பூர் எல்லாம் இருக்கிற குரூப், மொத்தம் முப்பத்திநாலு பேர்.

அந்தத் தேடுபொறி எப்படி வேலை செய்யுதுன்னு என்னைவிட யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்? நிறைய பேர் ஒரு பெயரை ஒரு வார்த்தையோட சேர்த்துத் தட்டினா, அடுத்து வர்றவருக்கு அந்தப் பெயர் தானா முன்னாடி வந்து நிற்கும். அவர் அதைச் சாட்சின்னு நினைச்சு அழுத்துவார். அது இன்னும் மேலே போகும். அன்னைக்கு எனக்குக் கிடைச்சது தகவலே இல்ல, என்னை மாதிரி பல்லாயிரம் பேர் தட்டினதோட எதிரொலி. வேலையில் யாராவது இப்படி ஒரு டேட்டாவைக் கொண்டுவந்து காட்டினா திருப்பி அனுப்பியிருப்பேன்.

மறுநாள் காலையில் பார்த்தா, நான் போட்ட பெயர்க்காரரே "அது நான் இல்லை"ன்னு பகிரங்கமாச் சொல்லியிருக்கார். அவர் மட்டும் இல்ல. அந்த வாரம் ரைலன் கிளார்க், கேரி லினெகர், ஜெரமி வைன், நிக்கி கேம்பல்னு வரிசையா எல்லாரும் வெளியே வந்து மறுத்தாங்க. (அவங்களே வாய் திறந்து சொன்னதால்தான் இந்தப் பெயர்களை எழுதுறேன். இதில் எது என் பெயர்ங்கிறதைச் சொல்லப் போறதில்ல.) நிக்கி கேம்பல் போலீஸில் புகாரே கொடுத்தார். தன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன், எழுந்து வந்து ஊர் உலகத்துக்கு முன்னாடி "நான் அந்தக் குற்றம் செய்யல"ன்னு சொல்ல வேண்டிய நிலைமை.

இன்னொரு கொடுமை இருக்கு. ஒவ்வொருத்தரும் மறுக்க மறுக்க, மறுக்காம இருக்கிறவங்க மேல சந்தேகம் கூடுது. லீவில் போனவர், அந்த வாரம் ஷிப்ட் இல்லாதவர், இதுக்கெல்லாம் பதில் சொல்லக் கூடாதுன்னு கௌரவமா இருந்தவர், எல்லாரும் பட்டியலில் வந்துட்டாங்க.

குரூப்பில் போட்டதை ஞாயிற்றுக்கிழமை அழிச்சேன். அதுக்குள்ள டொரண்டோ தம்பி அதை அவன் நண்பர்கள் குரூப்புக்கு அனுப்பிட்டான்.

"பெயரைச் சொல்லியிருந்தா இந்தக் கூத்தே இருந்திருக்காதே, பிபிசி ஏன் மறைச்சது?"ன்னு அப்போ பலரும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா இங்கே சட்டம் அவ்வளவு எளிசு இல்ல. பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் வீட்டில் நடந்த போலீஸ் சோதனையை ஹெலிகாப்டர் வெச்சு ஒளிபரப்பினதுக்காக, 2018இல் பிபிசி அவருக்கு 2,10,000 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கணும்னு தீர்ப்பாச்சு. அவர் மேல கடைசிவரைக்கும் எந்தக் குற்றமும் சாட்டப்படல. 2022இல் உச்ச நீதிமன்றமும், குற்றம் சாட்டப்படும் வரைக்கும் விசாரணையில் இருக்கிறவருக்குப் பொதுவா தனியுரிமை உண்டுன்னு சொல்லிடுச்சு. பத்திரிகைக்காரங்க வாயை மூடினதுக்கு இதெல்லாம் காரணம்.

நமக்கு வாயை மூடத் தெரியல. நாம சும்மா பேசினாலும் சட்டம் வரும்ங்கிறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 2012 நவம்பரில் பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சி, தாட்சர் காலத்து கன்சர்வேடிவ் தலைவர் ஒருத்தர் மேல சிறுவர் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டைப் பெயர் சொல்லாம ஒளிபரப்பியது. ட்விட்டர் உடனே பெயரைக் 'கண்டுபிடிச்சது': லார்ட் மெக்கல்பைன். முழுக்கத் தப்பு. குற்றம் சாட்டினவரே பிறகு "ஆள் மாறிப்போச்சு"ன்னு மன்னிப்புக் கேட்டார். அப்போ நாடாளுமன்ற சபாநாயகரோட மனைவி சாலி பெர்கோ, மெக்கல்பைன் பெயர் ஏன் இவ்வளவு அடிபடுதுன்னு ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்தில் 'அப்பாவி முகம்'னு எழுதியிருந்தாங்க. அவ்வளவுதான். 2013 மே மாசம் உயர் நீதிமன்றம், அது அவதூறுதான்னு தீர்ப்பு சொன்னது. என் கண்ணடிக்கிற பொம்மை ஞாபகம் வந்ததா? எனக்கு வந்தது.

யாருன்னு தேடின அந்த நாலஞ்சு நாளில், கேட்க வேண்டிய கேள்வியை நாம யாரும் கேட்கல. அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் மே 18ஆம் தேதியே ஒரு பிபிசி அலுவலகத்துக்கு நேரில் போயிருக்கார், மறுநாள் புகாரும் கொடுத்திருக்காங்க. பிபிசி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஜூன் 6ஆம் தேதி ஒரு போன், லைன் கிடைக்கல. அப்புறம் 'சன்' பத்திரிகை வந்து கேட்ட ஜூலை 6ஆம் தேதிவரைக்கும் அந்தத் தொகுப்பாளரிடம் யாரும் இதைப் பற்றிப் பேசவே இல்ல. ஏழு வாரம்! நாளைக்கு நம்ம பிள்ளை விஷயமா நாம எங்கேயாவது புகார் கொடுத்தா, இதே மாதிரி ஒரு மெயிலும் கிடைக்காத ஒரு போனும்தானா? பெத்தவங்களா நாம கோபப்பட வேண்டிய இடம் இது. நாம மூஞ்சிகளை எண்ணிக்கிட்டு இருந்தோம்.

ஜூலை 12ஆம் தேதி, புதன்கிழமை சாயங்காலம், அவர் மனைவியே அறிக்கை விட்டாங்க. ஹூ எட்வர்ட்ஸ். பத்து மணிச் செய்தியின் முகம், 2022இல் ராணி இறந்த செய்தியை நாட்டுக்குச் சொன்னவர். மனநலம் பாதிச்சு மருத்துவமனையில் இருக்கார்னு அறிக்கை சொன்னது. 'சன்' செய்தியில் இருந்த விஷயங்களில் குற்றம் நடந்ததுக்கான தகவல் இல்லைன்னு போலீஸும் அன்னைக்கே சொன்னாங்க. குரூப்பில் அமைதி. எங்க வீட்டில் ஒருத்தர்கூட அந்தப் பெயரைச் சொல்லியிருக்கல.

கதை அதோட முடியல. 2024 ஜூலை 31, அதே ஹூ எட்வர்ட்ஸ் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்தில் சிறார் ஆபாசப் படங்கள் தொடர்பா மூணு குற்றங்களை ஒப்புக்கொண்டார். வாட்ஸாப்பில் ஒரு ஆள் அனுப்பின 41 படங்கள். (இங்கே சட்டப்படி அப்படிப் பெற்று வைத்திருந்தாலே 'உருவாக்கியது'ன்னு கணக்கு, டீனேஜ் பிள்ளைங்க இருக்கிற வீட்டில் இது தெரிஞ்சிருக்கணும்.) செப்டம்பரில் ஆறு மாசச் சிறை, இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவெச்சுத் தீர்ப்பு. அந்தப் படங்களில் இருந்த குழந்தைகளை நினைச்சா அது எனக்குப் போதுமான தண்டனையாத் தெரியல.

அன்னைக்கு குரூப்பில் சித்தப்பா போட்டார்: "நெருப்பில்லாம புகையாதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

சித்தப்பா அப்போ சொன்ன பெயரே வேற. அதோட, இந்த வழக்கு வேற ஒரு ஆளோட போனைப் போலீஸ் சோதிச்சதில் கிடைச்சது. 2023 ஜூலைச் செய்தியில் இதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. ஒருத்தர் குற்றவாளின்னு பிறகு நிரூபணமானதால, மத்த நாலு பேர் பெயரை நாம இழுத்தது சரியாகிடுமா? பெரியவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "சித்தப்பா, நீங்க அன்னைக்கு வேற ஒருத்தரைத்தான் சொன்னீங்க"ன்னு மட்டும் எழுதினேன். இரண்டு நீல டிக் வந்தது.

இதை எல்லாம் பெரிய இடத்து விஷயம்னு விட்டிருப்பேன். போன வருஷம் எங்க சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டுவிழாக் கணக்கில் 600 பவுண்டு இடிச்சது. பெற்றோர் குரூப்பில் ஒரு அம்மா, "கமிட்டியில் ஒருத்தர்தான், பேர் சொல்ல விரும்பல"ன்னு போட்டாங்க. கமிட்டியில் மொத்தமே ஏழு பேர். அதில் ஒரு பெரியவர், பதினோரு வருஷமா காலையில் முதல் ஆளா வந்து கேட்டைத் திறந்து நாற்காலி போடுறவர். பண வரவுசெலவும் அவர்தான் பார்த்தார். பேரைச் சொல்லல, ஆனா அடுத்த சனிக்கிழமை யாரும் அவர்கூட நின்னு டீ குடிக்கல. நானும் குடிக்கல. பார்க்கிங் தேடுற மாதிரி போயிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு விஷயம் தெரிஞ்சது. ஹாலுக்கு முன்பணமாக் கட்டின தொகை, ரசீது தாமதமா வந்திருக்கு. "கணக்கு சரியாயிடுச்சு, நன்றி"ன்னு அதே அம்மா கும்பிடுற பொம்மையோட போட்டாங்க. அதுக்குள்ள பெரியவர் சாவியைக் கொடுத்துட்டு நின்னுட்டார்.

கார்ல போகும்போது பையன் கேட்டான், "அப்பா, கேட் தாத்தா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?"

"உடம்பு சரியில்ல போல"ன்னு வாயில் வந்தது. சொன்ன பிறகுதான், இதுவும் நானா கட்டினதுன்னு உறைச்சது. நடந்ததைச் சொன்னேன், நான் டீ குடிக்காம போனதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாம ஜன்னல் பக்கம் பார்த்தான். அப்புறம் அவர் வீடு எங்கேன்னு கேட்டான். பின்னர் பக்கம்னு சொன்னேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போறோம். போன் பண்ணிட்டுப் போகணுமா, சும்மா போகணுமான்னு இன்னும் முடிவு பண்ணல.