மூச்சுக் கருவி மாட்டியும் பகலில் தூக்கமா?

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கு, காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் 'சிபாப்' கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிவித்தார். அதை மாட்டியும் கல்லாவில் கண் சொருகினால், கருவியைப் பரணில் போட்டுவிட வேண்டாம். தராசு முள் சரியாக நிற்காவிட்டால் தராசையா எறிகிறோம்? சரிசெய்து முத்திரை வாங்குகிறோம்.

முகமூடி ஓரத்தில் காற்று கசிகிறதா, தூக்கத்தில் வாய் திறக்கிறதா, இரவு முழுவதும் மாட்டுகிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். மாட்டிய நேரம், கசிவு, மூச்சுத் தடை மூன்றும் இன்றைய கருவிகளில் பதிவாகின்றன. அந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டுவோம். தடை மணிக்கு 5-க்கு மேல் நீடித்தால் முகமூடியையோ அழுத்தத்தையோ மாற்றுவார். குறைந்திருந்தும் தூக்கம் வந்தால் தைராய்டு, மாத்திரை போன்ற வேறு காரணம் தேடுவார். அழுத்தத்தை நாமாகக் கூட்டக் கூடாது.

சரியாகும்வரை, விஸ்வநத்தத்திலிருந்து விடியுமுன் விருதுநகருக்குச் சரக்கெடுக்கப் போகும் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.